இயற்கை காய்கறிக் கழனியில் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கத்தில் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் ரசாயனத்தை விட்டுக் காய்கறி வைப்பவர்கள் பலர் போன் செய்கிறார்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "அண்ணா, எல்லாக் கரைசலும் அடிச்சுட்டேன், ஒண்ணும் கேக்கல." போய்ப் பார்த்தால் குறை வேறு இடத்தில் இருக்கும். போர் தண்ணீரில் உப்பு இருக்கும், எரு மக்காமல் இருக்கும், போன போகத்துக் கத்தரிக் குச்சி வரப்பில் அடுக்கிக் கிடக்கும். அடுத்த கரைசலை ஊறவைப்பதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இரண்டு வேலைகளைத் தவறாமல் செய்யுங்கள். நோய் கண்ட செடி ஒன்றையும் நல்ல செடி ஒன்றையும் மண்வெட்டியால் வேரோடு தோண்டி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இலையைத் திருப்பி அடிப்புறம் பாருங்கள். இதைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். மதியத்தில் எல்லாச் செடியுமே வாடித்தான் தெரியும்.

## நாற்று முளைக்கவில்லை, அல்லது முளைத்ததும் சாய்கிறது

முளைக்கவே இல்லை என்றால் பாத்தியைக் கிளறிப் பாருங்கள். விதையே இல்லை என்றால் எறும்பு இழுத்துப் போயிருக்கும். மறுமுறை விதைக்கும்போது பாத்தியைச் சுற்றிச் சாம்பலும் வேப்பம் புண்ணாக்குத் தூளும் போடுங்கள். விதை அப்படியே கிடந்தால் விதையில்தான் சந்தேகம். மிச்சமுள்ளதில் 20 விதையை ஈரத் துணியில் மடித்து நிழலில் வையுங்கள். கத்தரியும் தக்காளியும் பத்து நாளுக்குள் முளைத்துவிடும், மிளகாய் இன்னும் சில நாள் எடுக்கும். பாதிகூட முளைக்காத விதையோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றுங்கள்.

முளைத்து நான்கைந்து நாளில் தண்டு அடியில் நீர்கோத்து, நூல் மாதிரி மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீர் அதிகம் என்பதுதான் முதல் காரணம். மாலையில் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் மட்டும் ஊற்றுங்கள். அடுத்த காரணம் நெருக்கம். விதையை வாரித் தெளிக்காமல் விரல் அகல இடைவெளியில் கோடு கிழித்துப் போடுங்கள். மூன்றாவது, பச்சைச் சாணியோ அரைகுறையாக மக்கிய எருவோ பாத்தியில் சேர்த்திருப்பது. மேட்டுப்பாத்தியை வேறு இடத்துக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். ஏக்கருக்கு வேண்டிய கத்தரி விதையே சுமார் 160 கிராம்தான் என்பதால் இரண்டு சிட்டிகை போதும். பாக்கெட்டில் தயாரித்த தேதியையும் கெடுவையும் பார்த்து வாங்குங்கள். இவை உயிருள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும். கடை வாசலில் வெயிலில் கிடந்த பாக்கெட்டில் உயிர் இருக்காது.

புது இடத்திலும் நாற்று சாய்ந்தால் அந்தப் போகத்துக்குக் குழித்தட்டு நாற்றை வாங்குவதே மேல். வாங்கும்போது பூச்சிமருந்து அடித்ததா, விதையில் மருந்துப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். இயற்கை விவசாயச் சான்றிதழுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம்.

## செடி செத்துப்போகவும் இல்லை, வளரவும் இல்லை, மஞ்சளாகவே நிற்கிறது

முதல் இரண்டு வருடத்தில் அதிகம் பேரைத் திரும்ப யூரியாவுக்கு அனுப்பும் அறிகுறி இதுதான். அவசரப்பட வேண்டாம். மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள்.

### அடி இலையிலிருந்து மேல்நோக்கி மஞ்சள்

தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. ரசாயனத்தைச் சட்டென்று நிறுத்திய நிலத்தில் இது வரும். மண்ணில் நுண்ணுயிர் பெருக நாளாகும், அதற்குள் பயிருக்குப் பசி எடுத்துவிடும். ஆனால் பற்றாக்குறை என்று முடிவு செய்வதற்கு முன் எருவைச் சோதியுங்கள். மக்காத எருவும் வைக்கோலும் மண்ணில் விழுந்தால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களே இருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். எரு போட்டும் மஞ்சள் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

சோதனை எளிது. எருவில் இரண்டு கைப்பிடியை லேசாக நனைத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். பிரித்ததும் மூக்கைக் குத்தும் நெடியோ சாக்கடை நாற்றமோ வந்தால் எரு தயாராகவில்லை. மழை பெய்த மண்வாசனை வந்தால் தயார். இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு சட்டியில் அந்த எருவைப் போட்டு முள்ளங்கி விதை தூவுங்கள். முளைத்து, வேர் கருகாமல் வெள்ளையாக இறங்கினால் நிலத்துக்குக் கொண்டு போகலாம்.

எரு சரி, இருந்தும் மஞ்சள் என்றால் புண்ணாக்கு கொடுங்கள். நம் பக்கம் கடலை விளையும் ஊர், செக்கும் உண்டு. கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதம் இருக்கிறது. இரண்டு நாள் ஊறவைத்துக் கரைத்து, நன்றாக நீர் சேர்த்து வேரோரம் ஊற்றினால் பத்து நாளில் கொழுந்து நிறம் மாறும். மீன் அமிலம் (மீன் கழிவையும் வெல்லத்தையும் நொதிக்க வைத்த கரைசல்) லிட்டருக்கு 10 மி.லி. கலந்து மாலையில் தெளிக்கலாம். இதெல்லாம் அப்போதைக்குக் கைகொடுக்கும். நிலத்துக்கு நிரந்தரத் தீர்வு, பயிர் வைக்கும் முன் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூவெடுக்கும் பருவத்தில் (40 முதல் 45 நாள்) மடக்கி உழுவதுதான். ஒரு போகம் விட்டுக் கொடுக்க மனம் வராது. தெரியும். கால் ஏக்கர், கால் ஏக்கராகச் செய்யுங்கள். ரசாயனத்தை விடுவதையும் அப்படியே கால் கால் ஏக்கராகத் தொடங்கலாம்.

### கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இரும்புச்சத்து வேருக்குப் போகவில்லை. சுண்ணாம்பு மண்ணிலும், தண்ணீர் தேங்கும் பாத்தியிலும் வரும். தேங்கினால் முதலில் வடியுங்கள், ஒரு வாரம் பாருங்கள். மாறாவிட்டால் மண் பரிசோதனை. அதற்கு முன் கடைக்காரர் கொடுக்கும் நுண்ணூட்டக் கலவையை வாங்க வேண்டாம்.

### இலை ஓரம் கருகுகிறது, வரப்பில் வெள்ளை பூக்கிறது

தண்ணீரில் உப்பு. வேலூர் பக்கத்தில் இதைச் சந்தேகிக்காமல் இருக்கவே கூடாது. கோடையில் போர் இறங்க இறங்க உப்பு ஏறும்.

வீட்டுச் சோதனையாக அந்தத் தண்ணீரில் துவைக்கும் சோப்பைக் கரைத்துப் பாருங்கள். நுரை வராமல் தயிர் திரிந்த மாதிரி மிதந்தால் கடின நீர். ஆனால் உப்பின் அளவை இது சொல்லாது. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, நிரப்பி, ஆய்வகத்தில் மின்கடத்தும் திறன் பார்க்கச் சொல்லுங்கள். டெசிசீமன்ஸ் கணக்கில் எழுதித் தருவார்கள், எண் ஏற ஏற உப்பு அதிகம். பாசன நீரில் 0.7 தாண்டினாலே பீன்ஸும் கேரட்டும் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயம், முள்ளங்கி 0.8 வரை. தக்காளி 1.7 வரை தாங்கும். காசில்லாத முதல் தீர்வு பயிரை மாற்றுவதுதான். அடுத்தது, காய்ந்த இலை, கரும்புச் சோகை, வைக்கோல் கொண்டு மூடாக்கு போட்டு ஆவியாதலைக் குறைப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்பு கட்டித் தேக்கி, உப்பைக் கீழே இறக்குவதும் நல்ல வழி.

ஜிப்சம் போடச் சொல்லி யாராவது சொன்னால் மண் பரிசோதனைத் தாள் இல்லாமல் போடாதீர்கள். ஜிப்சம் களர் மண்ணுக்கு. மழைக்குப் பிறகு தண்ணீர் இறங்காமல் வழவழவென்று நின்று, காய்ந்ததும் கல்லாக இறுகும் நிலம் களர். வெள்ளைப் பொடி பூக்கும் உவர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டால் காசுதான் நஷ்டம்.

பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் நிலம் உள்ளவர்கள் ஒரு படி மேலே யோசிக்க வேண்டும். தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். கிணற்று நீரில் நிறமோ நெடியோ இருந்தால், எத்தனை பஞ்சகவ்யம் ஊற்றினாலும் அது சரியாகாது. கன உலோகம் பார்க்கும் ஆய்வகத்தில் நீரையும் மண்ணையும் கொடுத்து, முடிவு வந்த பிறகு காய்கறி வைக்கலாமா என்று தீர்மானியுங்கள். சாப்பிடுகிறவர்களுக்கு நல்லது கொடுக்கத்தான் இந்த வழிக்கு வந்தோம், இந்த ஒரு சோதனையில் காசு பார்க்க வேண்டாம்.

### வேரைப் பிடுங்கினால் முடிச்சு முடிச்சாக இருக்கிறது

முடிச்சை நகத்தால் தட்டுங்கள். அவரை, தட்டைப்பயறில் வேர் மேல் ஒட்டியிருந்து உதிர்ந்து வந்தால் அது தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சு. கத்தரி, தக்காளி, வெண்டை, பாகலில் வேரே வீங்கி, தட்டினாலும் உதிராமல் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. நிற்கும் பயிரை முழுதாகக் காப்பாற்ற முடியாது. வேப்பம் புண்ணாக்கை வேரோரம் வைத்துக் கிடைத்ததை அறுவடை செய்யுங்கள். பயிர் முடிந்ததும் வேரைக் கழனியிலேயே உழுதுவிடாமல் பொறுக்கி எடுத்துக் காயவைத்து எரியுங்கள். அடுத்து ஒரு போகம் துலுக்கச்சாமந்தி அல்லது சோளம். நடவுக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு.

வேரே இல்லாமல் கடித்துவிட்டிருந்து, தோண்டும்போது பழுப்புத் தலையும் வளைந்த வெள்ளை உடலுமாகப் புழு வந்தால் அது வேர்ப்புழு. மறுபடியும் மக்காத எருவில்தான் கேள்வி. டிராக்டரில் வாங்கிய எருவைக் கொட்டியதும் பரப்பி வையுங்கள், கோழிகளும் மைனாக்களும் பாதி வேலையைச் செய்துவிடும்.

## நன்றாக இருந்த செடி இரண்டு மூன்று நாளில் வாடிப்போகிறது

இலை பச்சையாகவே இருக்கும்போது சட்டென்று தொங்கினால் கண்ணாடி டம்ளர் சோதனை செய்யுங்கள். தண்டை அடியில் இரண்டு அங்குலம் வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி தெளிந்த நீரில் அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி நூல் நூலாக இறங்கினால் பாக்டீரியா வாடல். இதற்கு மருந்து கிடையாது, இயற்கையிலும் கிடையாது, ரசாயனத்திலும் கிடையாது. செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் மடையை அடைத்துவிடுங்கள். அடுத்த சில போகம் கத்தரி, தக்காளி, மிளகாய் அங்கே வேண்டாம். நெல் வைக்க முடிகிற கழனியாக இருந்தால் நெல் வையுங்கள்.

நூல் இறங்கவில்லை, இலை ஒரு பக்கமாக மஞ்சளாகி வாடுகிறது, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு என்றால் பூஞ்சை வாடல். ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரத்தோடு நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, பிறகு வேரோரம் இடுங்கள். வந்த செடிக்கு இது உதவாது, வராத செடிக்கு உதவும்.

டம்ளரிலும் ஒன்றும் இல்லை, பிளந்தாலும் சுத்தம் என்றால் வேர்முடிச்சையும் வடிகாலையும் பாருங்கள். அப்போதும் விளங்கவில்லை என்றால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செடியை எடுத்துப் போங்கள். வேரோடும் வேர் மண்ணோடும், ஈரக் காகிதத்தில் சுற்றி, அன்றைக்கே. பிளாஸ்டிக் பையில் புழுங்கிப்போன இலையை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

## கத்தரியில் நுனி தொங்குகிறது, காயில் ஓட்டை

இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் காயை மருந்தில்லாமல் எடுத்துக் காட்ட வேண்டும் என்று நம் பக்கம் பலருக்கு ஆசை. அதைக் கெடுப்பது தண்டு, காய்த்துளைப்பான் என்ற புழு ஒன்றுதான்.

முதலில் அதுதானா என்று உறுதி செய்யுங்கள். தொங்கும் நுனியை வாட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே குடைந்த குழாயும் கருப்பு எச்சமும், முனையில் இளஞ்சிவப்புப் புழுவும் இருக்கும். இல்லை என்றால் தண்ணீர் பற்றாக்குறையோ வாடலோ, மேலே உள்ள பகுதிக்குப் போங்கள்.

அதுதான் என்றால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். முட்டை பொரித்த புழு சில மணி நேரத்தில் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். போன பிறகு எந்தக் கரைசலும் அதைத் தொடாது. வேப்பங்கொட்டைச் சாறு, அக்னி அஸ்திரம் (மிளகாய், பூண்டு, வேப்பிலையைக் கோமியத்தில் காய்ச்சிய கரைசல்) எல்லாம் முட்டைக்கும் அப்போதுதான் பொரித்த புழுவுக்கும்தான். "அடிச்சும் போகல" என்பதன் விளக்கம் இதுவே.

செலவில்லாத வேலை: வாரம் இரண்டு முறை, கத்தரிக்கோலும் வாளியும் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்த் தொங்கும் நுனிகளையும் ஓட்டை விழுந்த காய்களையும் வெட்டுங்கள். முள் கத்தரியில் வெறுங்கையால் கிள்ள முடியாது, அதனால்தான் கத்தரிக்கோல். வெட்டியதை வரப்பில் போடாதீர்கள். புழு இறங்கி மண்ணிலும் சருகிலும் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்ப வரும். சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்குங்கள் அல்லது ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள். ஓட்டைக் காயை மாட்டுக்குப் போடலாம், தொட்டியில் மிச்சம் வைக்காமல்.

அடுத்து சுற்றிலும் பாருங்கள். பழைய கத்தரியை வெட்டிவிட்டு மறுபடி தழைக்க விட்டிருக்கிறீர்களா? அதன் பக்கத்திலேயே புது நாற்றா? காய்ந்த கத்தரிக் குச்சியை அடுப்புக்கென்று வரப்பில் அடுக்கியிருக்கிறீர்களா? மூன்றும் பூச்சிக்குக் குடியிருப்பு. குச்சியை உடனே எரித்துத் தீருங்கள். பக்கத்துக் கழனிக்காரரின் குச்சியும் கணக்கில் சேரும். அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும், சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். அவருக்கும் இதே புழுதான், மருந்துச் செலவு அவருக்கு உங்களைவிட அதிகம்.

கொஞ்சம் செலவு: ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி. கத்தரித் துளைப்பானுக்கான ஈர்ப்பு மருந்து என்று கேட்டு வாங்குங்கள், தக்காளிக் காய்ப்புழுவுக்கானது இங்கே வேலை செய்யாது. பொறி செடியின் உச்சி மட்டத்தில் இருக்க வேண்டும், செடி வளர வளர உயர்த்துங்கள். குச்சியின் உயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டு, கெடு முடிந்த மருந்தோடு நிற்கும் பொறிகளை நிறையப் பார்க்கிறேன். பொறியில் அந்துப்பூச்சி கூடும் நாள்தான் வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கும் நாள்.

அதற்கும் மேல்: டிரைக்கோகிரம்மா (பூச்சி முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் குட்டிக் குளவி) முட்டை ஒட்டுண்ணி அட்டை. மாலையில் இலையின் அடியில் கட்டுங்கள், கட்டிய மூன்று நான்கு நாளுக்கு எதையும் அடிக்காதீர்கள், வேப்பஞ்சாறு உட்பட. பரப்பு சிறிதாக இருந்தால் சுற்றி ஆறடிக்கு நைலான் வலை கட்டுவது நல்ல பலன் தரும். செலவு அதிகம், ஆனால் பல போகத்துக்கு வரும்.

நூறு காய்க்கு ஐந்து ஓட்டை இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இத்தனையும் விடாமல் செய்து ஒரு மாதத்தில் கால்வாசிக்கு மேல் ஓட்டையாகவே வந்தால் தோட்டக்கலை அலுவலரை நிலத்துக்கு அழைத்துக் காட்டுங்கள். போனில் விளக்கிப் பயனில்லை.

இலையில் பச்சை சுரண்டப்பட்டுச் சல்லடையாக இருந்தால் அது வேறு, எபிலாக்னா வண்டு. மங்கலான செம்பழுப்பில் நிறையப் புள்ளியோடு, மெல்லிய ரோமத்தோடு இருக்கும். பளபளப்பான முதுகுள்ள பொறிவண்டு அசுவினியைத் தின்னும் நல்லது, அதைக் கொல்லாதீர்கள். எபிலாக்னாவைக் காலையில் தட்டி வாளியில் சேர்த்தாலே அடங்கும். இலை எல்லாம் குட்டியாகி, கொத்தாக, பூக்காமல் நின்றால் சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்புவது. பிடுங்குவதுதான் வழி.

## மிளகாய் இலை சுருட்டுகிறது

மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கொழுந்தைத் தட்டுங்கள், நூல் துணுக்கு மாதிரி ஓடும். கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டு, இலை தடித்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி. அது கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும்.

இரண்டுக்கும் மருந்து வேறு. இலைப்பேனுக்கு நிலம் காய்வதுதான் காரணம், முதலில் தண்ணீரைக் கொழுந்தில் பீய்ச்சி அடியுங்கள், பாசனத்தை ஒழுங்காக்குங்கள். அப்புறம் வேப்பங்கொட்டைச் சாறு, நீல ஒட்டுப்பொறி. முரணைக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் ஓரளவு கேட்கும். அடங்காவிட்டால் நனையும் கந்தகம், பாக்கெட்டில் சொன்ன அளவில். இயற்கைச் சான்றுக்குப் பதிந்தவர்கள் தங்கள் சான்றுக் குழுவில் சொல்லிவிட்டு அடியுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் இலையைக் கருக்கும், ஆகவே நம் ஊர் சித்திரை, வைகாசியில் அதைத் தொடவே வேண்டாம்.

இலை சுருண்டு, மஞ்சள் பாய்ந்து, செடியே குட்டையாகிவிட்டால் வைரஸ். பிடுங்குங்கள்.

## வெண்டையில் நரம்பு மஞ்சள்

வலை பின்னிய மாதிரி நரம்பு மட்டும் மஞ்சளானால் மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். வந்த செடிக்கு எந்தக் கரைசலும் கிடையாது, யார் சொன்னாலும் வாங்காதீர்கள். முதல் மாதத்தில் கண்டதை எல்லாம் பிடுங்குங்கள், வரப்பில் துத்திச் செடியை விடாதீர்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் நாலில் ஒரு செடி போய்விட்டால் உழுதுவிட்டு வேறு பயிர் வைப்பதே லாபம். அடுத்த முறை அர்கா அனாமிகா மாதிரி தாங்கும் ரகம்.

## பந்தலில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது

உதிர்ந்த பிஞ்சை நெடுக அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால், தோலில் ஊசி குத்திய மாதிரிப் பிசின் கசிந்திருந்தால் பழ ஈ. விழுந்ததைத் தினமும் பொறுக்கி, கட்டிய பையில் வெயிலில் வேகவையுங்கள் அல்லது ஆழப் புதையுங்கள். பந்தலுக்கடியில் லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு மேலே வந்து காயும். இதற்குமேல் கியூ லூர் (ஆண் பழ ஈயை இழுக்கும் ஈர்ப்பு மருந்து) பொறி. நல்ல விலை வரும் பாகலுக்குப் பிஞ்சிலேயே காகிதப் பை கட்டுவதும் கட்டுபடியாகும்.

உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. பாகல் காலையில் பூக்கும், பீர்க்கு மாலையில், புடலை இருட்டும் நேரத்தில். அந்தந்த நேரத்தில் பத்து நிமிடம் நின்று தேனீயோ அந்துப்பூச்சியோ வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவுங்கள். பூக்கும் நேரத்தில் நாம் அடிக்கும் வேப்பெண்ணெயும் தேனீயை விரட்டும். பூ விரியும் நேரம் பார்த்து, அதற்கு முன்போ பின்போ தள்ளி அடியுங்கள்.

## தக்காளி: பூ உதிர்கிறது, காயின் அடி கருக்கிறது

சித்திரைக் கத்திரி வெயிலில் பூ உதிர்வது நோயே அல்ல. பகலில் 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியில் காய் பிடிப்பு குறையும். நடவை ஆடிக்கும் கார்த்திகைக்கும் மாற்றுவதைத் தவிர மலிவான வழி இல்லை. நிழல்வலை போட முடிந்தவர்கள் போடலாம். குளிர்ந்த மாதத்திலும் உதிர்ந்து, இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைத்தால் புண்ணாக்கும் மீன் அமிலமும் அதிகம், நிறுத்துங்கள்.

காயின் அடி கருத்துத் தோல் மாதிரி அமுங்கினால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போகவில்லை. மண்ணில் சத்து இருந்தும் ஒரு வாரம் காயவிட்டு ஒரு நாள் வெள்ளமாகக் கட்டினால் இப்படி ஆகும். தண்ணீரைச் சீராக்கி மூடாக்குப் போடுங்கள், அடுத்த காய்கள் சரியாக வரும். வராவிட்டால் உப்பு நீரைச் சந்தேகியுங்கள்.

காயில் ஓட்டை என்றால் காய்ப்புழு. 40 நாள் துலுக்கச்சாமந்தி நாற்றை, 25 நாள் தக்காளி நாற்றோடு, 16 வரிசைக்கு ஒரு வரிசை என்று ஒரே நேரத்தில் நட்டால் பூச்சி சாமந்திப் பூவுக்குப் போகும். பூவும் விற்கலாம்.

## கரைசல் வேலை செய்யவில்லை, அல்லது இலையைக் கருக்குகிறது

வேலை செய்யவில்லை: வேப்பங்கொட்டை எந்த வருடத்தது? ஆனி, ஆடியில் பொறுக்கியதை நிழலில் உலர்த்தி, பத்து மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பூசணம் பிடித்தது, வெயிலில் காய்ந்தது உதவாது. 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு. இடித்துத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்தால் பால் மாதிரி வெள்ளையாக வர வேண்டும். தண்ணி மாதிரி வந்தால் கொட்டை பழசு. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்துவிட்டால் கரைசல் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள், அல்லது சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டை ஊறிய நீர். மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்க வேண்டும்.

கருக்குகிறது: பஞ்சகவ்யம் 3 சதம், அதாவது 10 லிட்டருக்கு 300 மி.லி. அதற்கு மேல் போகாதீர்கள். ஆகாத நெடி அடித்தால் அது கெட்டுப்போனது. இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசலை எப்போதும் ஐந்தாறு செடியில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு கரைத்து ஊறவைத்தது) தரைக்குக் கொடுப்பது, தயாரான ஏழு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

டேங்க் முன்பு களைக்கொல்லி அடித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு வாங்கிய தெளிப்பானால் ஒரே இரவில் பந்தல் முழுக்க இலை கோணிப்போவதுண்டு. இயற்கைக் கழனிக்குத் தனி டேங்க் அவசியம்.

## காய் நன்றாக வருகிறது, விலை மட்டும் வரவில்லை

மண்டியில் இயற்கைக் காய்க்கென்று தனி விலை கிடையாது. அங்கே கொட்டிவிட்டு வருத்தப்பட்டுப் பயனில்லை. முதல் வழி உழவர் சந்தை. வேலூர், காட்பாடி, குடியாத்தத்தில் இருக்கிறது. சாகுபடியைச் சரிபார்த்து அடையாள அட்டை தருவார்கள். வாடிக்கையாளர் முகம் தெரியும் இடத்தில், ஓட்டை உள்ள இரண்டு காயைக் காட்டியே நம்பிக்கையை வாங்கலாம்.

சான்று இல்லாமல் விலை ஏறாது என்ற நிலை வந்தால், ஐந்து பேர் சேர்ந்தாலே பங்கேற்பு உத்தரவாத முறையில் குழு தொடங்கலாம். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். மாறும் காலத்தில் பச்சை முத்திரை, முடிந்ததும் இயற்கை முத்திரை. வெளிநாடு அனுப்புவதற்குத்தான் மூன்றாம் தரப்புச் சான்று. தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையிடம் போக வேண்டும். ஓராண்டுப் பயிர்களுக்கு மாறும் காலம் இரண்டு வருடம், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று.

இரண்டு வகைச் சான்றுக்குமே கேட்கும் முதல் பொருள் நோட்டுப் புத்தகம். என்றைக்கு என்ன விதை, எங்கே வாங்கியது, எவ்வளவு எரு, என்ன அடித்தது, பக்கத்துக் கழனியில் மருந்து அடித்த நாள், நடுவில் விட்ட இடைவெளி எவ்வளவு. விதைக்கும் நாளிலேயே நோட்டைத் தொடங்குங்கள். விரிஞ்சிபுரத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ செடியோடு போகும்போதும், 1800-180-1551 என்ற உழவர் உதவி எண்ணில் பேசும்போதும், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் அந்த நோட்டில்தான் இருக்கும்.